விசில் நடுவருக்கு மட்டும்

ஐம்பத்து மூன்றாவது வயதில் துளசிங்கத்துக்கு ஜெர்மனியில் ஓர் இடம் கிடைத்தது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி. பட்டா கிடையாது, விற்க முடியாது, உட்காரவும் முடியாது. வியாசர்பாடியில் இருந்தபடியே சனிக்கிழமை சாயங்காலம் அந்த இடத்தில் நின்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். அதற்குச் சம்பளம்.

"இத்தினி வருசமா ஓசியில கத்தினு இருந்தே. இப்ப துட்டு தராங்கன்னா வாணாம்னா சொல்லப் போற?" என்றாள் மனைவி வேதவல்லி.

நியாயமான கேள்வி. பஸ்ஸில் கண்டக்டர் என்ற வேலையையே எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு மெஷினை மாட்டி மூன்று வருஷம் ஆகியிருந்தது. துளசிங்கத்திடம் மிச்சமிருந்த சொத்து இரண்டு. இருபத்தாறு வருஷம் "உள்ள போ, உள்ள போ" என்று கத்திப் பழகிய தொண்டை ஒன்று. மடித்த நாக்கின்மேல் இரண்டு விரலை வைத்து அடிக்கும் விசில் இன்னொன்று. டிப்போவில் கொடுத்த விசிலை அவர் முதல் வாரமே தொலைத்துவிட்டார். அதற்குப் பிறகு எல்லாம் விரல்தான். ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்கும், இரண்டு அடித்தால் கிளம்பும். அவர் விசிலுக்குப் பக்கத்து ரூட் பஸ்ஸும் நிற்கும் என்று டிப்போவில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரும் துளசிங்கம்தான்.

நேர்காணலில், கால்பந்து தெரியுமா என்று கேட்டார்கள். "கீப்பர் மேடம், பதினஞ்சு வருசம்" என்று மார்பை நிமிர்த்திச் சொன்னார். மீதியைச் சொல்லவில்லை. ஏரியா டோர்னமெண்ட் ஃபைனலில் கைக்குழந்தை தவழ்ந்து வருவதுபோல் வந்த ஒரு பந்து அவருடைய இரண்டு காலுக்கும் நடுவே போய் கோல் ஆனது. அன்றிலிருந்து வியாசர்பாடியில் அவருக்கு 'கேட்டு துளசி' என்று பெயர். கேட்டைத் திறந்துவிட்டவர் என்று அர்த்தம்.

வேலை நடக்கும் இடம் ஒரு பழைய அரிசி குடோன். உள்ளே ஜெர்மனி ஸ்டேடியத்தின் அளவிலேயே சிமெண்ட் படிகள் கட்டி, ஒவ்வொரு படிக்கும் முன்னால் இடுப்பு உயரத்துக்குக் கம்பி போட்டிருந்தார்கள். எதிரே சுவர் முழுக்கத் திரை. நூற்று இருபது பேர் படிகளில் ஏறி நின்றார்கள். பாதிப் பேர் கோயம்பேட்டில் காய் ஏலம் விட்டவர்கள், மீதிப் பேர் கட்சிக் கூட்டத்தில் கோஷம் போட்டவர்கள். பக்கத்தில் நின்ற லூர்து மேரி காசிமேட்டில் மீன் விற்றவள். அவள் சாதாரணமாகக் குசலம் விசாரித்தாலே சண்டைக்கு வருகிறாள் என்றுதான் தோன்றும்.

கம்பெனியின் குடோன் மேலாளர் ரோஸ்லின் முதல் நாள் பாடம் எடுத்தாள். அவள் ஜெர்மன் படித்தவள், முப்பத்தெட்டு வயது, எப்போதும் கையில் சிவப்புப் பேனா.

"அங்க பெரிய ஸ்டேடியத்துக்கெல்லாம் நாம தேவையில்ல. டார்ட்முண்ட்ல ஒரே ஸ்டாண்டுல இருபத்தஞ்சாயிரம் பேர் நின்னுட்டே பாடுவாங்க. பெர்லின்ல ஒரு கிளப், ஸ்டேடியம் இடியுற நிலமை வந்தப்ப ரசிகர்களே சிமெண்ட் மூட்டை தூக்கிக் கட்டினாங்க. அவங்க கிட்ட போய் நம்ம ஸ்பீக்கர் பெட்டிய வையுங்கன்னா நம்மளயும் சேர்த்து வெச்சுக் கட்டிடுவாங்க. நம்ம கிளப் சின்னது. ஐஷன்டால்னு ஒரு ஊர். காட்டோரத்துல ஸ்டேடியம். ஊர்ல இருக்கறவங்க எல்லாம் வயசானவங்க. வருஷா வருஷம் ஸ்டாண்டுல ஆள் குறையுது."

"குறஞ்சா இன்னா மேடம்? இருக்கறவன் பாத்துட்டுப் போறான்" என்றாள் லூர்து.

"இப்ப ஒலி உரிமம்னு ஒண்ணு வந்திருச்சு. டிவில பாக்கறவங்களுக்குச் சத்தம் வேணும். சத்தம் இல்லாத ஸ்டேடியத்துக்கு முதல் டிவிஷன்ல இடம் கிடையாது. அதனால ஆள் இல்லாத இடத்துல எல்லாம் கம்பியில ஒரு பெட்டி மாட்டிருக்காங்க. நீங்க ஒருத்தர் கத்தினா இருபது பெட்டியில இருபது விதமாக் கேக்கும்."

"ரெக்கார்டு போட்டு வுட்டா வேல முடிஞ்சுதே?" என்று கேட்டார் துளசிங்கம்.

"போட்டுப் பாத்தாங்க. மூணே மாசத்துல கண்டுபிடிச்சுட்டாங்க. மனுஷன் கத்தறப்ப ஒரு தப்பு இருக்கும், துளசி சார். கொஞ்சம் முன்ன பின்ன, கொஞ்சம் சுருதி பிசகி. அந்தத் தப்பைத்தான் நம்ம கிட்ட வாங்கறாங்க."

தப்பு செய்யச் சம்பளம் என்றதும் துளசிங்கத்துக்குத் தன் தகுதியில் இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் தீர்ந்தது.

பாட்டுகளைத் தமிழ் எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தார்கள். அர்த்தம் தெரியாமல் உணர்ச்சிவசப்பட்டுப் பாடுவது நமக்கு ஒன்றும் புதிதல்ல. கல்யாணத்தில் ஐயர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னவர்கள்தானே. கூடவே எட்டுப் பக்கத்தில் ஒரு விதிப் புத்தகமும் தந்தார்கள். யாரோ அவசரத்தில் மொழிபெயர்த்தது. அதில் ஐந்தாவது விதி: 'விசில்: நடுவருக்கு மட்டும்.'

"நடுவர்னா ரெஃப்ரீ. அவர் தான் விசில் ஊதலாம். நாம பீப்பி கீப்பி எடுத்துனு வரக் கூடாது" என்று துளசிங்கம் எல்லோருக்கும் விளக்கம் சொன்னார். இருபத்தாறு வருஷம் விசிலோடு வாழ்ந்தவர் சொன்னால் மறுப்பேது. நூற்று இருபது பேரும் தலையாட்டினார்கள்.

கத்துவதற்கு இருபது பெட்டி என்றாலும் கேட்பதற்கு ஆளுக்கு ஒரே ஒரு பெட்டிதான். துளசிங்கத்தின் காது தெற்கு ஸ்டாண்டில் பதினேழாம் வரிசையில் இருந்தது, கோலுக்கு நேர் பின்னால். முதல் மேட்ச் அன்று அந்தக் காதில் விழுந்தது பாட்டு அல்ல, பிளாஸ்டிக் கோப்பையை நங்கென்று வைக்கும் சத்தம். பக்கத்தில் நின்ற ஆள் பெட்டியின் தலையில் பீரை வைத்திருந்தார்.

அங்கே பேசுவதையெல்லாம் காதுக்குள் ஒரு பெண் குரல் தமிழில் சொல்லும். மெஷின்தான். இலக்கணச் சுத்தமாகப் பேசியதால் அதற்கு டீச்சரம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். டீச்சரம்மா சொன்னாள்: "நீ ஹைன்ட்ஸ் அல்லை. இது ஹைன்ட்ஸின் இடம். நீ ஒரு ரொட்டி சுடும் கருவி."

பக்கத்து ஆளோடு பேசக் கூடாது என்பது மூன்றாவது விதி. ஆனால் கண்டக்டரைத் திட்டிவிட்டு எந்தப் பயணியும் சும்மா இறங்கிப் போனதாக வரலாறு இல்லை.

"பீரை எடு சார், உள்ள ஊத்திக்கப் போவுது" என்றார் துளசிங்கம், அந்த ஒரு பெட்டியில் மட்டும் டீச்சரம்மா ஜெர்மனில் சொல்லும் பட்டனை அழுத்தி.

அந்தப் பக்கம் கோப்பையை எடுக்கும் சத்தம்.

அவர் பெயர் வால்டர். எழுபத்தோரு வயது. ஹைன்ட்ஸ் என்பவர் நாற்பது வருஷம் அவர் பக்கத்தில் நின்று மேட்ச் பார்த்து, போன குளிர்காலத்தில் இறந்துபோனவர். செத்துப்போன சிநேகிதன் நின்ற இடத்தில் ஒரு பெட்டியை முடுக்கிவிட்டுப் போனால் யாருக்குத்தான் வயிறு எரியாது. துளசிங்கத்துக்கு அது புரிந்தது. அடுத்த மேட்சில் அவர் முதலில் சொன்னது, "ஹைன்ட்ஸ் சார் எடத்துல நிக்கறேன், கோச்சுக்காதீங்க" என்பதுதான்.

மூன்றாவது மேட்சில் வால்டர் கேட்டார்: "பெட்டிக்குள் வருமுன் நீ என்ன தொழில் புரிந்தாய்?"

"பஸ் கண்டக்டர் சார்."

"அஃது என்ன தொழில்?"

துளசிங்கம் விளக்கினார். டிரைவர் முன்னால் மட்டும்தான் பார்ப்பார், மீதி மூன்று பக்கமும் கண்டக்டர் பொறுப்பு. ஒரு விசிலுக்கு நிற்பார், இரண்டு விசிலுக்குக் கிளம்புவார். ஜனம் ஏறிவிட்டதா, கிழவி இறங்கிவிட்டாளா என்று டிரைவர் திரும்பிப் பார்க்கவே வேண்டாம்.

வால்டர் சொன்னதை டீச்சரம்மா மெதுவாகச் சொன்னாள்: "நானும் பேருந்து ஓட்டுநர். முப்பத்தாறு ஆண்டுகள். எனக்கு அப்படி ஒருவரும் இருந்ததில்லை. நானே முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டேன்."

அன்றோடு பெட்டிமேல் பீர் வைப்பது நின்றது. மழை வந்தால் தன் கம்பளித் துண்டை எடுத்துப் பெட்டிக்குப் போர்த்திவிடுவார். இவர்கள் பாடும் பாட்டில் உச்சரிப்பைத் திருத்துவார். நடுவரை இரண்டு பேரும் சேர்ந்து திட்டுவார்கள். வால்டர் பஸ் டிரைவருக்கே உரிய பாஷையில் திட்டுவதை டீச்சரம்மா "அறிவிலி, கயவன், இழிமகன்" என்று ஔவையார் காலத்துத் தமிழில் எடுத்துச் சொல்ல, துளசிங்கம் திரும்ப வடசென்னைத் தமிழில் சொல்வது அங்கே என்ன ஜெர்மனாகப் போய்ச் சேர்ந்ததோ தெரியாது. ஒரு தடவை வால்டர் ஐந்து நிமிஷம் விடாமல் சிரித்தார்.

ஒரு பேச்சு மட்டும் வரவே வராது. ஐஷன்டால் கீப்பர் யென்ஸைப் பற்றி. முப்பத்து மூன்று வயது, தலையில் லேசாக வழுக்கை, பந்து வந்தால் யோசித்துவிட்டுத்தான் பாய்வான். கீப்பருக்குக் கீப்பர் என்ற முறையில் துளசிங்கம் அவனைப் பற்றி ஏதாவது சொல்வார். வால்டர் பதில் சொல்ல மாட்டார்.

ஏப்ரலில் ஒருநாள் தானாகவே சொன்னார். "அந்தக் கோல்காப்பாளன் என் மகன். அவன் தாயை அடக்கம் செய்த நாளில் அவன் இங்கே ஆடினான். நான்கு ஆண்டுகளாக நாங்கள் பேசுவதில்லை."

"ஆனா சார், ஒரு மேட்ச் வுடாம அவன் கோலுக்குப் பின்னாடியே வந்து நிக்கறீங்களே?"

"இது என் இடம். அவன்தான் என் முன்னால் வந்து நிற்கிறான்" என்றார் வால்டர்.

மே மாதம் வந்தபோது ஐஷன்டால் கடைசிக்கு முந்தின இடத்தில் இருந்தது. உள்ளூரில் இன்னும் இரண்டே மேட்ச். கீழே இறங்கிவிட்டால் ஒலி உரிமமும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம். குடோனில் எல்லோரும் அர்த்தம் தெரியாத பாட்டை அழுதுகொண்டே பாடினார்கள்.

அதில் முதல் மேட்ச் எண்பத்தேழாவது நிமிஷம் வரை கோல் இல்லை. அப்போது எதிரணி ஆள் பந்தோடு உள்ளே வர, யென்ஸ் முன்னால் ஓடி வந்து பந்தை விட்டுவிட்டு ஆளைத் தட்டிவிட்டான். பெனால்டி. ஸ்டாண்டே பேச்சுமூச்சற்றுப் போனது. அந்த அமைதியில் துளசிங்கத்தின் காதுக்குப் பக்கத்தில், மிகப் பக்கத்தில், யாரோ ஒரே ஒரு விசில் அடித்தார்கள்.

அட, அங்கேயும் விரலால் அடிக்கிறார்களே என்று துளசிங்கம் நினைத்தார். பையனுக்குத் தெம்பு கொடுக்கிறார்கள். பீப்பிதான் கூடாது போலிருக்கிறது, விரல் பரவாயில்லை.

பெனால்டி அடித்தார்கள். யென்ஸ் இந்தத் தடவை யோசிக்கவில்லை. இடது பக்கம் அப்படியே மிதந்துபோய் விரல் நுனியால் பந்தை வெளியே தள்ளினான்.

துளசிங்கம் தன்னை மறந்தார். இருபது வருஷத்துக்கு முன்னால் தன் காலுக்கிடையே போன பந்தையே யென்ஸ் பிடித்துக் கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது. நாக்கை மடித்தார், விரலை வைத்தார், அடித்தார். அதைப் பார்த்து லூர்து அடித்தாள். பிறகு குடோனே அடித்தது. நூற்று இருபது விசில், இருபது இருபதாகப் பெருகி, இரண்டாயிரத்து நானூறு விசிலாக ஐஷன்டால் தெற்கு ஸ்டாண்டிலிருந்து யென்ஸின் தலையில் விழுந்தது. தியேட்டரில் தலைவர் முகம் காட்டும்போது கூட அப்படி ஒரு விசிலைத் துளசிங்கம் கேட்டதில்லை.

திரையில் யென்ஸ் எழுந்திருந்தான். அவன் சிரிக்கவில்லை. ஸ்டாண்டைத் திரும்பிப் பார்த்தான். பதினேழாம் வரிசையைப் பார்த்தான். முகம் வெளுத்துப்போயிருந்தது. அதற்குள் கார்னர் அடித்துவிட்டார்கள். பந்து அவன் கைக்கே வந்தது, கையில் பட்டது, உள்ளே போனது.

"இன்னா சார் ஆச்சு அவனுக்கு? நாங்க இத்தினி பேரு சபாஷ் போட்டோமே!" என்றார் துளசிங்கம்.

வால்டர் விளக்கினார். "இங்கே விசில் என்பது இகழ்ச்சி. நடுவரை இகழ மட்டும் அதைப் பயன்படுத்துவோம். அல்லது வெறுக்கும் ஆளை இகழ."

துளசிங்கம் விதிப் புத்தகத்தைப் பிரித்தார். விசில்: நடுவருக்கு மட்டும். நடுவருக்கு என்றால் நடுவர் ஊதுவதற்கு அல்ல, நடுவரை நோக்கி ஊதுவதற்கு. ஒரே ஒரு 'உக்கு'. அந்த 'உக்கு' ஒரு மனுஷனைக் கவிழ்த்துவிட்டது. தப்பைத்தான் வாங்குகிறோம் என்றார்கள். இவ்வளவு பெரியதாகக் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ரோஸ்லின் எல்லோரையும் கூப்பிட்டாள். முகம் சரியில்லை. கம்பெனி அறிக்கை விட்டிருந்தது: எங்கள் பெட்டிகளில் விசிலைத் தடுக்கும் வடிகட்டி உள்ளது, விசில் அடித்தவர்கள் நேரில் வந்த ரசிகர்களே, முதல் விசில் தெற்கு ஸ்டாண்ட் பதினேழாம் வரிசையிலிருந்து வந்ததாகக் கருவி காட்டுகிறது.

"அப்படி வடிகட்டி இருக்கா மேடம்?"

"டீ வடிகட்டிதான் இருக்கு" என்றாள் ரோஸ்லின். "யாரும் வாயத் திறக்கக் கூடாதாம். திறக்கலைன்னா அடுத்த சீசன் இன்னொரு ஸ்டேடியம், உங்க நூத்தி இருபது பேருக்கும் வேலை. திறந்தா யாருக்கும் இல்ல."

"பதினேழாம் வரிசையில நேர்ல நிக்கறவங்க எத்தினி பேரு?" என்று துளசிங்கம் கேட்டார்.

"அந்த வரிசையில வால்டர் ஒருத்தர்தான்."

பொதுவாகத் துளசிங்கத்தின் மனசாட்சி டிப்போ கடிகாரம் மாதிரி, தோன்றியபோது ஓடும். அன்றைக்கு ஓடித் தொலைத்தது. அப்பன் மகனை ஊர் பார்க்க விசிலடித்து அவமானப்படுத்தினான் என்று ஐஷன்டால் முழுக்கப் பேச்சு. அடித்தது யாரென்றால் வியாசர்பாடி கேட்டு துளசி.

அன்று சாயங்காலம் பெட்டிகளைச் சோதிக்கும் நேரத்தில் வால்டர் காலி ஸ்டாண்டில் தனியாக நின்றுகொண்டிருந்தார். துளசிங்கம் அவசரமாகச் சொன்னார்: "சார், 'நான் அடிக்கலை'ன்னு நீங்க சொல்லிடுங்க. ஊருக்கு வாணாம், புள்ளக்கிட்டயாவது சொல்லுங்க."

"என்னால் அவ்வாறு சொல்ல இயலாது" என்றார் வால்டர்.

எவ்வளவு வைராக்கியம் பார் இந்த ஆளுக்கு என்று துளசிங்கம் உருகினார்.

டீ இடைவேளையில் விஷயத்தைப் போட்டு உடைத்தார். அடுத்த சனிக்கிழமை கடைசி மேட்ச். எல்லோரும் சேர்ந்து ஒரே ஒரு வரி கத்தினால் யென்ஸுக்குக் கேட்கும். விசில் நாங்கள் அடித்தது என்று சொல்லிவிடலாம். வேலை போகும்.

எல்லோருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள். துளசிங்கத்துக்கே, யாராவது 'முடியாது' என்று சொன்னால் நிம்மதியாக ஒத்துக்கொள்ளலாம் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது. பலி கொடுப்பதைவிட, பலி கொடுக்க நினைத்தேன், விடவில்லை என்று சொல்லிக்கொள்வது சுகம்.

லூர்து டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "எண்ணா, எவ்ளோ நாளா இங்க கத்தினு இருக்கோம்? ஒரு வார்த்தைக்காச்சும் அர்த்தம் தெரியுமா? அர்த்தம் தெரிஞ்சு ஒரு தபா கத்தலாம். வேல போனா காசிமேட்டுக்குப் போறேன். தொண்டைய இங்கயா வுட்டுட்டுப் போவப் போறேன்?"

போனில் மொழிபெயர்த்து, துளசிங்கம் அந்த வரியைத் தமிழ் எழுத்தில் ஒரு அட்டையில் எழுதினார். வெள்ளிக்கிழமை பயிற்சியின்போது ரோஸ்லின் பின்னால் வந்து நின்றது அவருக்குத் தெரியவில்லை. அட்டையைக் கையில் வாங்கிப் படித்தாள். பிறகு சிவப்புப் பேனாவைத் திறந்து இரண்டு இடத்தில் திருத்தினாள்.

"உச்சரிப்பு தப்பு துளசி சார். இப்படிக் கத்தினா அவனுக்குப் புரியாது" என்று சொல்லி அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

கடைசி மேட்ச். பதினேழாம் வரிசையில் நின்ற வால்டரை விட்டு முன்வரிசை, பின்வரிசை ஆட்களும் தள்ளி நின்றார்கள். முதல் பாதியில் யென்ஸ் தூரத்துக் கோலில் இருந்தான். ஒரு கோல் வாங்கினான். இடைவேளை முடிந்து தலையைக் குனிந்தபடி தெற்குக் கோலை நோக்கி நடந்து வந்தான். ஸ்டாண்டில் யாரும் பாடவில்லை. அவனுக்குப் பாட வேண்டுமா என்று அவர்களுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

துளசிங்கம் கையைத் தூக்கினார். நூற்று இருபது பேரும் மூச்சை இழுத்தார்கள்.

"யென்ஸ்! டேர் ஃபிஃப் வார் ஃபோன் உன்ஸ்! பை உன்ஸ் ஹைஸ்ட் தாஸ் பிராவோ!"

யென்ஸ், விசில் எங்களுடையது. எங்கள் ஊரில் அதற்கு சபாஷ் என்று பெயர்.

யென்ஸ் நின்றான். இன்னொரு தடவை கத்தினார்கள். மூன்றாவது தடவை கத்தும்போது ஐஷன்டாலின் நிஜ மனுஷர்கள் பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தார்கள். பெட்டிகளுக்குள் ஆள் இருப்பது அன்றைக்குத்தான் நினைவுக்கு வந்ததுபோல. ரோஸ்லினின் மேஜையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் அதன்மேல் விதிப் புத்தகத்தை வைத்து அமுக்கினாள்.

யென்ஸ் தெற்கு ஸ்டாண்டைப் பார்த்துக் கையை உயர்த்தினான். அவ்வளவுதான் செய்தான். ஆனால் அந்தப் பாதியில் அவன் பிடித்த பந்துகளை எல்லாம் பார்த்து, லூர்து கையால் வாயைப் பொத்தி விசிலை அடக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. ஐஷன்டால் ஒரு கோல் திருப்பியது. ஒன்றுக்கு ஒன்று. ஜெயித்திருக்க வேண்டும், போதவில்லை. கீழே இறங்கினார்கள்.

மேட்ச் முடிந்ததும் கம்பெனி இணைப்பை வெட்ட உத்தரவிட்டது. "பத்து நிமிஷம் ஆகும்னு சொல்லிருக்கேன்" என்றாள் ரோஸ்லின். ஒவ்வொருவராக அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு வெளியே போனார்கள். துளசிங்கம் மட்டும் படியில் நின்றார். மனசுக்குள் கொஞ்சம் கர்வமாகவே இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்டை ஒழுங்காக மூடியிருக்கிறோம்.

"துளசிங்கம்" என்றார் வால்டர். அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

"சொல்லுங்க சார்."

"முதல் விசில் உன்னுடையது அல்ல. அவன் பெனால்டி கொடுத்தபோது ஒரு விசில் கேட்டிருக்கும். அதை அடித்தவன் நான். உங்கள் ஊர் விசில் அல்ல. எங்கள் ஊர் விசில்."

துளசிங்கத்துக்குக் காதுக்குப் பக்கத்தில் கேட்ட அந்த ஒற்றை விசில் ஞாபகம் வந்தது. அந்தப் பெட்டிக்கு இரண்டடி சுற்றுவட்டத்தில் வேறு ஆளே கிடையாது. கருவி உண்மையைத்தான் காட்டியிருக்கிறது. நூற்று இருபது பேர் வேலையைக் கொடுத்துக் கம்பெனியின் பொய்யை அம்பலப்படுத்தினால், அதில் பாதி நிஜம். 'இயலாது' என்றால் இயலாதுதான்; அதை வைராக்கியம் என்று நினைத்து உருகியது இவருடைய கோளாறு. பந்து மறுபடியும் காலுக்கிடையே போய்விட்டது.

"அவனிடம் சொல்ல வேண்டுமா?" என்று கேட்டார் வால்டர்.

"எனுக்குத் தெரியல சார். நான் உண்மைன்னு கத்தினதே பாதிதான் உண்மைன்னு இப்பதான் தெரியுது. எங்கிட்டப் போய் யோசனை கேக்கறீங்களே."

சிமெண்ட் படியில் யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. கால்பந்து ஷூவின் ஆணிகள் டக் டக்கென்று பதினேழாம் வரிசை வரை வந்து நின்றன.

"பெட்டியில் இருப்பவருக்கு நன்றி" என்று டீச்சரம்மா சொன்னாள். யென்ஸ் பேசுகிறான். பிறகு அவன் அப்பாவிடம் பேசினான், டீச்சரம்மா அதையும் சொன்னாள். "அப்பா, முதல் விசில் உங்களுடையது என்று எனக்குத் தெரியும். எட்டு வயதிலிருந்து அதைக் கேட்டு வளர்ந்தவன் நான். அடுத்து வந்த ஆயிரக்கணக்கான விசில்கள் யாருடையவை என்றுதான் தெரியவில்லை. ஊரே என்னை வெறுக்கிறது என்று எண்ணினேன். இன்று தெரிந்தது. ஊர் இல்லை. நீங்கள் மட்டும்தான்."

ஷூ சத்தம் திரும்பிப் படியிறங்கியது.

துளசிங்கம் காத்திருந்தார். வால்டர் கூப்பிடுவார், ஏதாவது சொல்வார் என்று. ஒன்றும் இல்லை. "பேச்சு எதுவும் இல்லை" என்று டீச்சரம்மா தெரிவித்தாள். ஷூ சத்தம் பன்னிரண்டாம் வரிசை, பதினோராம் வரிசை என்று தேய்ந்துகொண்டே போனது. மனுஷர் நிற்கிறார், வண்டி நகரவில்லை. முப்பத்தாறு வருஷம் முன்னும் பின்னும் தானே பார்த்து ஓட்டிய ஆளுக்கு இன்றைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வேண்டும்.

துளசிங்கம் நாக்கை மடித்தார். விரலை வைத்தார். சின்னதாக, இரண்டு விசில்.

கம்பளித் துண்டு கம்பியில் உரசியது. கனத்த பூட்ஸ் ஒன்று முதல் படியில் இறங்கியது. அடுத்த படி. அதற்கடுத்து இரண்டு படியை ஒன்றாகத் தாண்டியது. "யென்ஸ்!" என்று ஒரு குரல், அதை மொழிபெயர்க்க டீச்சரம்மா தேவைப்படவில்லை.

பெட்டியின் விளக்கு அணைந்தது.

குடோனுக்கு வெளியே லூர்து இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

"உள்ள விசில் சத்தம் கேட்டுச்சே எண்ணா, இப்ப யாருக்கு அடிச்சே?" என்றாள்.

"டிரைவருக்கு" என்றார் துளசிங்கம்.